30 வயசு, குருமடம், வெள்ளைத்துணி விரிச்ச கதிரை

வலையிறவான் | ஆகஸ்ட் 9, இரவு 9.40

இந்த அரங்கத்தைக் கனகாலமா வாசிக்கன், எழுதுறது இதுதான் முதல் தரம். நான் ஒரு குருமாணவன். யாழ்ப்பாணத்தில இறையியல் மூணாம் வருசம் முடிச்சு லீவுக்கு மட்டக்களப்பு வந்து நிக்கன். வாற மாசம் ஆயித்தியமலை மாதா கோயில் திருநாளை ஒட்டி எனக்கு முப்பது வயசு.

போன ஞாயிறு கூட்டாளி ஒருத்தன்ட புது வீடு குடிபூரல். நாங்க ஆறு பேர் ஒரு செட். ஒரே கோயில்ல பூசைக்கு உதவி, ஒரே கிறவுண்ட்ல பந்தடிச்சு, ஒரே ரியூசனுக்குக் காசு கட்டாம ஏச்சு வாங்கி வளந்தவங்க. கோயில் திருநாள் வந்தா பின்வளவில கிடாரம் வைக்கிறது நாங்கதான். சின்ன வெங்காயம் உரிக்கிறது என்ட வேலை, பதினைஞ்சு வயசில இருந்து. கண் எரியும். ஆனா எல்லாக் கதையும் அந்த இடத்திலதான் நடக்கும். ஆர் ஆரைப் பாக்கான், ஆர் கட்டாருக்குப் பாஸ்போட் போட்டிருக்கான், ஆர்ட வீட்டில சண்டை, எல்லாம்.

அண்டைக்குப் படலையத் திறக்கக்குள்ளேயே வீட்டுக்காரன் ஓடி வந்தான். "வாங்க பிரதர்" எண்டான். இருவத்தஞ்சு வருசத்தில என்னை அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்ல. முன் விறாந்தையில ஒரு கதிரை. அதில வெள்ளைத்துணி விரிச்சிருந்தது. துணியில மடிச்ச மடிப்பு இன்னும் நிமிரல்ல, அலுமாரியில இருந்து அப்பதான் எடுத்திருக்காங்க. பக்கத்தில சின்ன மேசை, அதில மூடி திறந்த நெக்டோ, உள்ளுக்க ஸ்ட்ரோ. இந்தப் பக்கம் பங்குத்தந்தை, அந்தப் பக்கம் பென்சன் எடுத்த அதிபர் ஒருத்தர். அதில இருந்தன்.

பின்வளவில சிரிப்புச் சத்தம் கேட்டது. அரைமணித்தியாலம் பொறுத்தன், ஏலல்ல. எழும்பிப் போனன். போன உடனே சத்தம் நிண்டுட்டு. ஒருத்தன் கையில இருந்ததைக் காலுக்குப் பின்னால வெச்சான். வெங்காயத்தட்டு வேற ஆர்ட மடியிலயோ இருந்தது. "புகை அடிக்கும் பிரதர், நீங்க முன்னுக்கு இருங்க" எண்டாங்க. மரியாதையாத்தான் சொன்னாங்க. திரும்பி வந்து அந்தக் கதிரையில இருந்தன்.

நான் இன்னும் குரு ஆகல்ல, தியாக்கோன் பட்டமும் எடுக்கல்ல. இனிச் சாகும் வரைக்கும் இந்தக் கதிரையா? இதே மாதிரிப் பாதையில போறவங்க, போனவங்க, அவங்கட கூட்டாளிமார் ஆராவது இருந்தா சொல்லுங்க.

சும்மா கேக்கன் | ஆகஸ்ட் 9, இரவு 10.15

கோவிக்க வேணாம் தம்பி. மூணு நேரச் சாப்பாடு, இலவசப் படிப்பு, இருக்க இடம். முப்பது வயசில எனக்கு ரெண்டு பிள்ளை, ஓட்டோவுக்கு லீசிங், மாமியாருக்கு மருந்து. கதிரை போட்டு சோடா தாறாங்க எண்டதெல்லாம் ஒரு கவலையா? முப்பது வரைக்கும் என்னத்தைப் படிக்கிறீங்க எண்டும் எனக்கு விளங்கல்ல.

வலையிறவான் | ஆகஸ்ட் 9, இரவு 11.05

கோவிக்கல்ல அண்ணே. நீங்க சொல்லுற கவலையெல்லாம் எனக்கு இல்லத்தான்.

என்ன படிக்கிறம் எண்டு கேட்டதால சொல்லுறன். திருச்சபைச் சட்டப்படி மெய்யியல் ரெண்டு வருசம், இறையியல் நாலு வருசம் முழுசாப் படிக்கணும். அதுக்கு முதல் ஆயத்த ஆண்டு இருக்கு. இடையில பங்கொண்டில பணி அனுபவத்துக்கு விடுவாங்க, நான் வாகரைப் பக்கம் நிண்டன். ஏஎல் சோதனை ரெண்டு தரம் எடுத்து, கடை ஒண்டில நிண்டு உழைச்சிட்டு, இருவத்தொண்டிலதான் உள்ளுக்குப் போனன். குருவாகுறதுக்குச் சட்டம் சொல்லுற குறைஞ்ச வயசு 25. அப்படிப் பாத்தா பிந்தினவன்தான், ஆனா என்ட பட்ச்சில நான் மட்டும் இல்ல.

நாள் எப்படிப் போகும் எண்டா, விடிய அஞ்சுக்கு மணி. தியானம், காலைச் செபம், பூசை. மறுகா வகுப்பு. பின்நேரம் தோட்டம், கக்கூஸ் கழுவுறது, கூட்டுறது, எல்லாம் எங்கட வேலைதான். நாலரைக்கு வொலிபோல். செபமாலை, படிப்பு, இராச்செபம். அதுக்குப் பிறகு விடியும் வரைக்கும் கதைக்கிறல்ல. போன் எங்களுக்குக் கிழமைக்கு ஒருக்காத்தான் கையில கிடைக்கும். வாங்கி ஓன் பண்ணினா செட்டிட குழுவில நானூறு அஞ்ஞூறு செய்தி கிடக்கும். முதல் ரெண்டு வருசம் எல்லாத்தையும் வாசிச்சன். இப்ப கடைசிப் பத்தைத்தான் பாக்கன்.

அம்மா அப்பாக்கு நாங்க வருவமெண்டு தெரியும், எப்ப வருவமெண்டும் தெரியும். கூட்டாளிமாருக்கு நாங்க வருசத்தில ரெண்டு தரம் வாற விருந்தாளி. கலியாணம் கட்டாம இருக்கப்போறவனுக்குக் கூட்டாளி எண்டது மேலதிகமான சாமான் இல்ல அண்ணே. ராவையில நெஞ்சு அடைச்சா ஆருக்குப் போன் எடுக்கிற எண்ட கேள்வி அது.

பாலமீன்மடு | ஆகஸ்ட் 10, காலை 6.20

நான் மற்றப் பக்கம். என்ட கூட்டாளி குருவானவர், பட்டம் எடுத்து இப்ப எட்டு வருசம்.

அவன் அபிஷேகம் ஆன அண்டு எல்லாரும் வரிசையில நிண்டு கைய முத்தி செஞ்சம். நானும் செஞ்சன். உள்ளங்கையில பூசின தைலத்திட வாசம் இன்னும் மறக்கல்ல. நானும் அவனும் சின்னனில கறல் பிடிச்ச பிளேட்டால மாங்காய் வெட்டினவங்க. அந்தக் கையில மாங்காய்ப் பால் பட்ட கறுத்த அடையாளம் ஒண்டு இருக்கும், அதுக்குப் பக்கத்திலதான் முத்தி செஞ்சன். அதுக்குப் பிறகு அவன்ட தோள்ல எப்படி அடிக்கிற?

நீங்க மரியாதை எண்டு நினைக்கிறீங்க. எனக்கு அது மரியாதை இல்ல தம்பி, வெக்கம். அவன் நல்லவனாகிட்டே போறான், நான் கடன், குடி, சண்டை எண்டு கிடக்கன். அவன் வந்தா என்ட வாயில தூசணம் வந்திருமோ எண்டு யோசிச்சு யோசிச்சுக் கதைக்கிறதால கதையே வராது. கையில இருந்ததை மறைச்சவன் உங்களுக்குப் பயந்து மறைக்கல்ல. உங்கட கண்ணில தன்னைப் பாக்க அவனுக்கு ஏலல்ல.

கோட்டைமுனை | ஆகஸ்ட் 10, காலை 8.02

நான் மெதடிஸ்த திருச்சபை. பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில படிச்சன். எங்களுக்குக் கலியாணத் தடை இல்ல, நான் படிக்கக்குள்ளேயே கட்டிட்டன். ஆனா கதிரை எனக்கும் வந்தது. மனிசிக்கும் பக்கத்தில ஒரு கதிரை போட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். ஊர்ல அவக்கு இருந்த கூட்டாளிமாரும் அண்டையோட "அம்மா" எண்டு கூப்பிடத் தொடங்கிட்டாங்க, அவக்கு இருவத்தாறு வயசில. அதைப் பற்றி ஒருத்தரும் எழுதுறல்ல.

தாண்டவன்வெளி அக்கா | ஆகஸ்ட் 10, பகல் 1.30

தம்பி, நான் ஒரு குருவானவர்ட அக்கா. எழுதுவமா விடுவமா எண்டு காலையில இருந்து யோசிச்சன்.

நம்மட ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பொம்புளப்பிள்ளைக்கு வீடு குடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில இருப்பார். அந்த வீட்டைக் கட்டுறது அப்பா மட்டும் இல்ல, அண்ணன் தம்பிமார்ட உழைப்பும்தான். ஒரு பொடியன் கட்டாருக்குப் போறது, மேசன் வேலைக்குப் போறது எல்லாம் தங்கச்சிட சுவரை நினைச்சுத்தான். எங்கட வீட்டில ஒரே ஒரு பொடியன். இருவது வயசில அவன் குருமடத்துக்குப் போறன் எண்டான். அம்மா அழுதா, ஆனா சந்தோசமா அனுப்பினா.

எனக்குத் தொடங்கின வீடு லின்டல் மட்டத்தோட நிண்டுட்டு. பத்து வருசம். உள்ளுக்குத் தொட்டாச்சுருங்கியும் எருக்கலையும் முளைச்சது. எனக்கு வந்த ரெண்டு கலியாணம் அந்தச் சுவரைப் பாத்துட்டுத் திரும்பிப் போனது. அவன் லீவுக்கு வரக்குள்ளெல்லாம் நாங்க அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்றல்ல. அம்மாட உத்தரவு. "அவனுக்குச் சொன்னா அவன் அங்க இருக்கமாட்டான், வந்திருவான்" எண்டு சொல்லுவா. அவன் வந்தா கோழி அடிச்சு, சட்டித் தயிர் வாங்கி, கட்டில்ல புதுச் சீற் விரிச்சு வெப்பம். அதுவும் நீங்க சொல்லுற வெள்ளைத்துணிதான்.

முப்பது வயசு நடக்கக்குள்ள ஒரு லீவில அவன் பின்னுக்குப் போய் அந்தச் சுவரைப் பாத்தான். கன நேரம் நிண்டான். மறுநாள் விடிய சாரத்தை மடிச்சுக் கட்டிட்டு மண்வெட்டியோட நிண்டான். காசு அவன்ட்ட இல்ல. மேசன் பாஸோட கலவை குழைச்சான், கல்லு எடுத்துக் குடுத்தான், ரெண்டு கிழமை. கை ரெண்டும் சீமெந்து தின்று தோல் உரிஞ்சு போச்சு. அந்த ரெண்டு கிழமையும் நானும் அவனும் சண்டை பிடிச்சம், சிரிச்சம், சின்னனில மாதிரி. வீடு அதில முடியல்ல, அதுக்குப் பிறகும் நாலு வருசம் எடுத்தது. எனக்கு அந்த ரெண்டு கிழமைதான் பெரிசு.

உங்கட கூட்டாளிமார் சொல்லாம இருக்கிறது தள்ளி வைக்கிறதுக்கு எண்டு மட்டும் நினைக்காதீங்க. தங்கட கஷ்டம் உங்களைப் பாதையில இருந்து இழுத்துப் போட்டிரும் எண்டு பயந்தும் இருப்பாங்க.

செங்கலடிச் சந்தி | ஆகஸ்ட் 10, இரவு 9.50

நான் குருமடத்தில இருந்து 28 வயசில வெளிய வந்தவன். எந்தக் குருமடம் எண்டு சொல்லல்ல, அது தேவையும் இல்ல.

கதிரை போட்டவங்க எல்லாரும் அந்தக் கிழமையே கதிரைய எடுத்திட்டாங்க. கோயில் வாசல்ல என்னைக் கண்டா சனம் என்ட காலைப் பாக்கும், காற்சட்டை போட்டிருக்கன் எண்டு. என்ன பிழை செஞ்சான் எண்டு கதை. நான் ஒரு பிழையும் செய்யல்ல. ரெண்டு வருசம் செபிச்சு, ஆன்ம குருவோட கதைச்சு, இது எனக்குரிய பாதை இல்லை எண்டு தெளிஞ்சு வந்தன். பழைய கூட்டாளி ஒருத்தன் போன் திருத்துற கடை வெச்சிருந்தான். "நாளைக்கு வெள்ளனவே வா, ஸ்க்ரீன் மாத்தப் பழக்கிறன்" எண்டான். ஏன் வந்தாய் எண்டு இண்டைக்கு வரைக்கும் கேக்கல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. எனக்கு நொந்தது ஊர்ச்சனம் இல்ல. ஏழு வருசம் ஒரே மேசையில சாப்பிட்ட என்ட பட்ச்காரங்க. ஒரு வருசமா ஒருத்தனும் போன் எடுக்கல்ல. எடுக்க வேணாம் எண்டு ஆரும் சொல்லவும் இல்ல. என்ன கதைக்கிற எண்டு அவங்களுக்குத் தெரியல்ல, அவ்வளவுதான். கடைசியில ஒருத்தன் மன்னாரில இருந்து பஸ் மாறி மாறி வந்தான், கையில ஒரு பை கருவாடு. கடைக்குள்ள ஸ்டூல்ல இருந்து நான் ஸ்க்ரீன் கழட்டுறதைப் பாத்துட்டு இருந்தான். பின்நேரம் எழும்பிப் போனான். அவனுக்குப் போன வருசம் பட்டம், முன் வாங்குல நான் இருந்தன்.

வலையிறவான், நீங்க கூட்டாளிமாரைப் பற்றி எழுதியிருக்கீங்க. உங்கட பட்ச்சில எத்தின பேர் போனாங்க? அவங்களுக்கு நீங்க போன் எடுத்தீங்களா?

வலையிறவான் | ஆகஸ்ட் 10, இரவு 11.58

பதினொரு பேர் உள்ளுக்குப் போனம். இப்ப நாலு பேர். போன ஏழு பேரில ஒருத்தருக்கும் நான் எடுக்கல்ல. ஒருத்தன் விட்டுட்டுப் போன மெத்தையில இப்ப நான் படுக்கன்.

வேற எழுத இண்டைக்கு ஏலாது.

காரைதீவான் | ஆகஸ்ட் 11, காலை 7.45

நான் சைவம், ஆனா இந்த இழையை விட மனம் வரல்ல.

எங்கட ஊர்ப் பிள்ளை மயில்வாகனம் 1892ஆம் ஆண்டு பிறந்தவர். பண்டிதர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, மானிப்பாயில கல்லூரி அதிபர். அவர் எல்லாத்தையும் விட்டுட்டுச் சென்னையில இராமகிருஷ்ண மடத்தில சேர்ந்தது 1922இல. கணக்குப் பாருங்க, சரியா முப்பது வயசு. 1924இல துறவு வாங்கி விபுலாநந்தர் ஆனார். அவர் படிச்ச இடங்களில ஒண்டு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி, அதில ஆசிரியராவும் இருந்திருக்கார். கல்லடியில சிவானந்த வித்தியாலயம் 1929இல தொடங்கினது. இண்டைக்கும் அவர்ட சமாதி அந்த வளவிலதான் இருக்கு.

சின்னனில எங்கட பெத்தப்பா அவரைப் பற்றிக் கதைச்சா, "மயில்வாகனம்" எண்டுதான் தொடங்குவார், "சுவாமி" எண்டுதான் முடிப்பார். ஒரே வசனத்தில ரெண்டும் வரும். துறவியா ஆனவரை ஊர் விடாமப் பிடிச்சு வெச்சிருந்தது அந்த முதல் பேரால எண்டு எனக்குப் படுது. உங்கட செட்டில ஒருத்தனாவது உங்களைப் பழைய பேரில கூப்பிடுறானா?

அக்கரைப்பற்று மௌலவி | ஆகஸ்ட் 11, பகல் 2.10

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கதிரை எங்களுக்கும் இரிக்கி. எங்கட பக்கம் கலியாணம் கட்டலாம், எனக்கு மூணு பிள்ளை. ஆனா ஏழு வருசம் அரபுக் கல்லூரியில ஓதி வெளிய வந்த நாள்ல இருந்து கடைத்தெருவில நான் நடந்தா கெரம்போட் அடிக்கிற கூட்டாளிமார் எழும்பி நிப்பாங்க. அந்தக் கெரம்போட்டுக்குப் பவுடர் வாங்கிக் குடுத்ததே நான்தான். எங்கட வாப்பா சொல்லுவார், எழும்பினா நீயும் அவங்களோட இரி, அப்ப இருப்பாங்க எண்டு. செஞ்சு பாத்தன். மூணு மாசம் எடுத்திச்சு. இப்ப இருப்பாங்க.

இன்னொண்டு எழுதணும். எனக்கு மட்டக்களப்பில ஒரு கிறிஸ்தவக் கூட்டாளி. 2019 ஏப்ரல் 21, சீயோன் தேவாலயத்தில குண்டு வெடிச்ச அண்டு, செத்ததில சின்னப் பிள்ளைகள் எத்தின பேர் எண்டு செய்தி வர வர நான் போனைக் கையில வெச்சுட்டே இருந்தன். எடுக்க ஏலல்ல. என்ன சொல்லி எடுக்கிற? என்ட தாடியும் தொப்பியும் எனக்கே பாரமாப் போன நாள்கள் அது. ஒரு மாசத்துக்கு மேல போச்சு. ஒரு நாள் லுஹர் தொழுதுட்டு வாறன், அவன்ட மிஸ்கோல். திருப்பி எடுத்தன். "மச்சான், உம்மாவுக்குச் சீனி வருத்தம் எப்படி?" எண்டான். வேற ஒண்டும் இல்ல. ரெண்டு பேரும் அழுதம்.

செங்கலடித் தம்பி கேட்ட கேள்வி சரியான கேள்வி. எடுக்காம விட்ட போன் ஒண்டு எல்லார்ட்டயும் இரிக்கி. என்ன கதைக்கிறதெண்டு தெரியாட்டி உம்மாட வருத்தத்தைக் கேளுங்க.

பழைய பங்குத்தந்தை | ஆகஸ்ட் 12, காலை 5.30

மகன், நான் ஓய்வுபெற்ற ஒரு குரு. அம்பிட்டியில் படித்தவன். பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் 1893இல் தொடக்கிவைத்த குருமடம் 1955இல் பூனாவுக்குப் போன பிறகு அதே இடத்தில் வந்த தேசிய குருமடம் அது. என் வகுப்பில் பாதிக்கு மேல் சிங்களப் பிள்ளைகள். அவர்களில் ஒருவர் 2004 மார்கழி சுனாமிக் கடல் வந்த மூன்றாம் நாள் குருநாகல் பக்கமிருந்து லொறியில் அரிசியோடு கல்லடிக்கு வந்து நின்றார். நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கு அன்றைக்கு அவர் என்னை ஏசியது இன்னும் காதில் இருக்கிறது.

கதிரையைப் பற்றி நான் உம்மோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், இராணுவம் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது என்று ஒரு தாய் ஓடிவந்தால், அங்கே கிடாரத்தடியில் இருப்பவன் காணாது. எழும்பிக் கதைக்கக் கூடிய, அதிகாரி இருத்திக் கேட்கக் கூடிய ஒருவன் வேண்டும். எங்கள் சந்திரா பெர்னாண்டோ சுவாமி மட்டக்களப்புப் பிரசைகள் குழுவின் தலைவராக இருந்தவர். 1988 ஜூன் 6ஆம் திகதி மரியாள் ஆலயத்தில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சனத்துக்காகப் போய்க் கதைக்கும் இடத்தில் அவருக்குப் போட்ட கதிரை சனத்தின் கதிரை.

அதேபோல ஹேபர்ட் சுவாமி. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்த இயேசுசபைக் குரு. திருகோணமலையில் கூடைப்பந்து பழக்கியவர், பிறகு மட்டக்களப்பில் பொடியன்களுக்குத் தொழில் பழக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் திருநாள் அன்று, வாழைச்சேனையிலிருந்து ஒரு தமிழ்ப் பொடியனோடு ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை ஒரு தடயமும் இல்லை. இன்னும் மூன்று நாளில் அந்தத் திகதி வருகிறது, அதனால்தான் விடியற்காலையில் எழுதுகிறேன். அவருக்கு மேசையில் முன்னிடம் இருந்தது. மைதானத்தில் பொடியன்களோடு வியர்வையும் இருந்தது. ஒன்றுக்காக மற்றதை அவர் விட்டதாக நான் காணவில்லை.

கதிரையைத் தூக்கி எறியாதேயும். அது யாருக்காகப் போடப்பட்டது என்று பாரும்.

பாலமீன்மடு | ஆகஸ்ட் 12, இரவு 8.15

சுவாமி எழுதினதை வாசிச்சிட்டு என்ட கூட்டாளிக்குப் போன் எடுத்தன். எட்டு வருசத்தில முதல் தரம், கோயில் அலுவலா இல்லாம. "பாதர்" எண்டு தொடங்கி நடுவில "டேய்" எண்டு வந்திட்டு. அவன் ஒண்டும் சொல்லல்ல. இன்னும் கொஞ்சம் கதை எண்டான்.

வலையிறவான் | செப்டெம்பர் 4, இரவு 10.30

மூணு கிழமைக்கு மேல எழுதாததுக்கு மன்னிக்கணும்.

ஏழு பேருக்கும் எடுத்தன். நாலு பேர் எடுத்தாங்க. ஒருத்தன் கொரியாவில, மூணு நிமிசம் ஒண்டும் பேசாம மூச்சு மட்டும் கேட்டது. மறுகா குருமடத்து மாமரம் இன்னும் நிக்கா எண்டு கேட்டான். ஒருத்தன் கோவமாப் பேசினான், அவன்ட கோவம் நியாயம். மூணு பேர்ட நம்பர் வேலை செய்யல்ல, தேடுறன்.

மற்றது, குடிபூரல் வீட்டுக்காரன். நான் எழுதப்போறதை அவன்ட்டக் கேட்டுத்தான் எழுதுறன். மௌலவி சொன்ன மாதிரி, ஒரு பின்நேரம் அவன்ட வீட்டுக்குப் போய் அவன் மனிசி இறால் உடைக்கிற இடத்தில நானும் குந்தி இருந்து உடைச்சன். அவன் தடுத்தான், நான் எழும்பல்ல. ராவு எட்டு மணிக்கு, "வா, நடப்பம்" எண்டான். கல்லடிப் பழைய பாலத்துக்குப் போனம். சின்னனில துடுப்பைத் தண்ணியில விட்டு மற்ற நுனியைக் காதில வெச்சு மீன் பாடுதா எண்டு கேட்ட இடம். கம்பியில சாஞ்சு நிண்டு கன நேரம் ஒண்டும் கதைக்கல்ல. மறுகா, "டேய், அந்த வீடு முழுக்கக் கடன்டா" எண்டான்.

நாலு இடத்தில கடன். மனிசிட பேரில ரெண்டு குழுக்கடன். அதில ஒரு பொம்பிளை கட்டாட்டி மற்றப் பொம்பிளைகள் சேர்ந்து கட்டணும், அதால கூட்டத்துக்குப் போகாம ஒளிக்கவும் ஏலாது, அக்கம்பக்கத்தில முகம் குடுக்கவும் ஏலாது. நகை ரெண்டு தரம் அடகு. கிழமைக்கு 6,850 ரூபா போகுது. மீன் படாத கிழமையில கட்டுறதுக்கு வேற இடத்தில வாங்கியிருக்கான். குடிபூரலுக்கு ஏன் அவ்வளவு செலவு செஞ்சாய் எண்டு கேக்க வாய் வந்தது. அந்த நெக்டோ போத்தல் நினைவு வந்தது, கேக்கல்ல.

ஏன் எனக்கு முதல்லயே சொல்லல்ல எண்டு கேட்டன். "உன்ட்டச் சொல்லி? நீ செபிப்பாய். காசா தருவாய்?" எண்டான். உண்மை, என்ட்டக் காசு இல்ல. ஆனா எனக்குக் கணக்கு வரும். மறுநாள் ஒரு சிஆர் கொப்பி வாங்கினம். எங்க, எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை எண்டு எல்லாத்தையும் கோடு போட்டு எழுதினம். துண்டுகளை அவன் அரிசி வாளிக்குள்ள போட்டு வெச்சிருந்தான், மனிசி பாக்காம இருக்க. மனிசி தன்ட துண்டுகளை மாதா படத்துக்குப் பின்னால வெச்சிருந்தா, அவன் பாக்காம இருக்க. ரெண்டையும் ஒரே பாயில பரப்பினது அண்டைக்குத்தான்.

எல்லாத்தையும் எழுதி முடிச்சாப் பிறகு சொன்னான், "புதன்கிழமை அவங்கட ஒபிசுக்கு வா. தவணைய நீட்டித் தரச்சொல்லிக் கேப்பம். அங்கியோட வா. அப்பதான் இருத்திக் கதைப்பாங்க." எனக்குச் சுவாமி எழுதினது நினைவு வந்தது. அங்கிய நானே இஸ்திரி போட்டன்.

நேத்துப் போனம். மனிசர் எழும்பி ஒரு கதிரை கொண்டு வந்து போட்டார். ஒரு கதிரைதான். அவனை அதில இருத்திட்டு நான் பக்கத்தில நிண்டன். அவர் ரெண்டு தரம் என்னைப் பாத்தார், மூணாம் தரம் மற்றக் கதிரையும் வந்தது. அந்த இடத்தில தவணைய எட்டு மாசம் நீட்டித் தாறதா எழுத்தில தந்தாங்க. ரெண்டாவது இடத்தில ஏலாது எண்டுட்டாங்க, முகத்துக்கு நேர. மிச்சம் ரெண்டு இருக்கு.

நாளைக்கு ராவு செட்டோட ஆயித்தியமலைக்கு நடக்கிறம், வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு வழியா. வழியில கஞ்சி காச்சிக் குடுக்கிறது இந்த முறை எங்கட பொறுப்பு. வெங்காயம் எனக்கு எண்டு குழுவில போட்டிருக்காங்க. காரைதீவான் கேட்டதுக்குப் பதில்: ஓம், என்ட பழைய பேரையும் அதில போட்டிருக்காங்க.

ஒரு உதவி வேணும். நான் 12ஆம் திகதி யாழ்ப்பாணம் போகணும். மற்ற ரெண்டு இடத்துக்கும் 15ஆம் திகதிக்குப் பிறகுதான் வரச்சொல்லியிருக்காங்க. கணக்குத் தெரிஞ்ச ஆராவது அவனோட போக ஏலுமா? அவன் தனியப் போகமாட்டான்.

தாண்டவன்வெளி அக்கா | செப்டெம்பர் 4, இரவு 10.52

என்ட மகள் வங்கியில வேலை. வட்டிக் கணக்கு அவ பாப்பா. கொப்பிய படம் எடுத்துத் தனிமடல்ல அனுப்புங்க. தம்பியும் மனிசியும் ரெண்டு பேரும் வரணும் எண்டு சொல்லுங்க.

சும்மா கேக்கன் | செப்டெம்பர் 4, இரவு 11.20

ஓட்டோ என்ட்ட இருக்கு. கூலி வேணாம். எந்த ஒழுங்கை எண்டு மட்டும் சொல்லுங்க.

அக்கரைப்பற்று மௌலவி | செப்டெம்பர் 5, காலை 5.05

ஒபிசுக்கு நானும் வாறன். எத்தின மணிக்கு?